அலுமினியத் தூளும் கற்பூரத் தட்டும்

(தொழிலாளர்களும் கிராமத்துத் தோழர்களும் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேசுவதாக விளம்பரம் செய்யப்பட்டிருக்கும் விஷயம் உங்களில் பலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். கடவுள், மதம், சாஸ்திரம், புராணம், ஜாதி ஆகியவைகளைப் பற்றிப் பேசுவார்கள் என்று எண்ணி வந்திருப்பீர்கள். விளம்பரத்திலோ அலுமினியத் தூளோடு கிராபைட் தூளைக் கலந்து யந்திரச் சாமான் செய்யும் விதம் என்று போட்டிருக்கிறது. இது என்ன பாத்திரக்கடைச் சங்கதியா என்று சிலர் கேட்டதாகவும் தலைவர் சொன்னார்.

தோழர்களே, இது பாத்திரக்கடைச் சங்கதிதான். ஆனால் இதிலே உயிர் சம்பந்தமான சங்கதியும் இருக்கிறது. போன ஆயுத பூஜையன்று ஒரு சிறு பட்டறையில் நடந்த ஒரு காரியத்தின் பேரில்தான் நாம் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டோம். பட்டறையின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டியதில்லை. அந்தக் காரியம் இன்னதென்று கடைசியில் சொல்லுகிறோம். முதலிலேயே சொன்னால் உங்களுக்குக் கோபம் வருமேயொழிய விஷயம் விளங்காது. விஷயம் விளங்கிய பிறகு வருகிற கோபமே பயன்படும்.

நாம் காலேஜில் படித்தவரல்லர். பட்டறைத் தோழர்களிடம் கேட்டும், கண்ணால் பார்த்தும், புத்தகங்களை வைத்துக்கொண்டு மல்லாடியும் தெரிந்து கொண்டதைத்தான் சொல்லுகிறோம். நமக்கு விளங்கிய ஒன்று உங்களுக்கு விளங்காமல் போக நியாயமில்லை.

இரண்டு பொருள்கள்

முதலில் அலுமினியம். இன்று ஏழை வீட்டில் சோறு பொங்குகிற சட்டி அது. ஆனால் 1884-ம் வருஷத்தில் அமெரிக்காவில் வாஷிங்டன் ஞாபகார்த்தக் கோபுரம் கட்டி முடித்தபோது, உச்சியில் வைப்பதற்கு யோக்கியதையுள்ள அருமையான உலோகம் என்று அலுமினியத்தைத்தான் பொறுக்கினார்கள். சுமார் 3 கிலோ எடையுள்ள ஒரு சிறு கூர்முனை. அன்றைக்கு அதன் விலை ஏறக்குறைய வெள்ளியின் விலை. இரண்டு வருஷம் கழித்து, 1886-ல், அமெரிக்காவில் ஹால் என்ற வாலிபரும், பிரான்சில் எரூ என்ற வாலிபரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரிக்கும் வழியைக் கண்டார்கள். இருவரும் 1863-ல் பிறந்தவர்கள். யாருக்கும் அசரீரி கேட்கவில்லை. உபதேசம் கிடைக்கவில்லை. பரீட்சை பண்ணிப் பார்த்தார்கள், கண்டார்கள். அதனால் வெள்ளி விலை விற்றது சட்டி விலைக்கு வந்தது.

நமது மாகாணத்திலும் 1898-ல் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரத் தொழிலை ஆரம்பித்து வைத்தார். மேட்டூரில் 1965 முதல் 2008 வரை, சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய மண்ணிலிருந்து அலுமினியம் எடுத்தார்கள்.

இரண்டாவது கிராபைட். உங்கள் குழந்தையின் பென்சிலுக்குள் இருக்கிற கருப்புப் பொருள். பென்சில் ஈயம் என்று சொல்லுகிறோம். அதிலே ஈயம் ஒரு குன்றிமணி அளவுகூடக் கிடையாது. அது சுத்தக் கரி. 1779-ல் ஷீலே என்ற வேதியியல் அறிஞர் இதை ருஜுப்படுத்தினார். 1797-ல் டென்னன்ட் என்ற ஆங்கிலேயர் வைரத்தை எரித்துப் பார்த்து, வைரமும் அதே கரிதான் என்று காட்டினார்.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒன்றை மோதிரத்தில் பதித்து, இந்த ராசிக்காரன்தான் போடலாம், அந்த ராசிக்காரன் போட்டால் குடி கெடும் என்கிறார்கள். மற்றொன்றைப் பென்சிலில் வைத்துச் சீவி எறிகிறார்கள். இரண்டுக்கும் பிறவி ஒன்று, பொருள் ஒன்று. அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கிற விதம் ஒன்றுதான் வித்தியாசம். வைரத்தில் ஒவ்வொரு அணுவும் நாலு பக்கமும் இறுகப் பிணைந்திருக்கிறது. கிராபைட்டில் அணுக்கள் ஏடு ஏடாகப் படிந்திருக்கின்றன. ஏட்டுக்குள் பிணைப்புப் பலம். ஏட்டுக்கும் ஏட்டுக்கும் இடையே பிணைப்பு இல்லாததுபோல அவ்வளவு சொற்பம். ஆகவே ஏடுகள் வழுக்கும். வைரத்தின் உயர்வும் கரியின் தாழ்வும் வைக்கப்பட்ட நிலைமையால் வந்தது என்று தெரிந்தவன், ஒரு மனிதன் தலையிலும் மற்றொரு மனிதன் காலிலும் பிறந்தான் என்கிற கதையைக் கேட்டால் என்ன சொல்லுவான் என்பதை உங்களுக்கே விடுகிறோம்.

அந்தக் கருப்புக் கரிதான் நமக்கு இப்பொழுது வேண்டியது. சிவகங்கைக்குப் பக்கத்தில் பூமியிலேயே கிடக்கிறது. வெட்டியெடுக்கும் கல்லில் நூற்றுக்கு 14 பங்கு அளவில்தான் கரி. கல்லை அரைத்து, தண்ணீரும் எண்ணெயும் விட்டு நுரைக்க வைத்தால், தண்ணீரில் ஒட்டாத கிராபைட் நுரையோடு மேலே வந்துவிடும். மண் அடியில் தங்கிவிடும்.

ஏன் இரண்டையும் சேர்க்க வேண்டும்?

வண்டி வைத்திருக்கும் தோழர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அச்சுக்கு வண்டி மை போடாவிட்டால் என்ன ஆகும்? கிரீச்சென்று கத்தும், சூடேறும், தேய்ந்து போகும். யந்திரத்திலும் அப்படியே. சுழலுகிற தண்டைத் தாங்கி நிற்கிற வளையத்துக்குப் புஷ் என்று பெயர். அதற்கு எண்ணெய் வற்றினால் தண்டும் புஷ்ஷும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். அலுமினியம் எடை குறைந்தது. இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் கனம். சூட்டையும் சீக்கிரம் கடத்திவிடும். ஆனால் உராய்வைத் தாங்காது, ஒட்டிப் பிடித்துக் கொள்ளும். ஆகவே அலுமினியத்தின் வயிற்றுக்குள்ளேயே வண்டி மையை வைத்துவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். அந்த மைதான் கிராபைட். புஷ் தேயத் தேய உள்ளேயிருக்கிற கிராபைட் மேலே வந்து மெல்லிய பூச்சாகப் படிந்துகொள்ளும். எண்ணெய் குறைந்த நேரத்திலும் கவ்வாது.

சரி, அலுமினியத்தை உருக்கி, கரித்தூளைக் கொட்டிக் கிளறினால் போதாதா? போதாது. அலுமினியம் 660 டிகிரி செண்டிகிரேடில் உருகும். அந்தச் சூட்டில் உருகிய அலுமினியம் கிராபைட்டின்மேல், தாமரை இலைத் தண்ணீர் போல உருண்டு நிற்குமே தவிர ஒட்டாது. கரியும் கனம் குறைந்ததால் மேலே மிதந்து வந்துவிடும். இன்னும் சூட்டை ஏற்றி 1000 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஒட்டும். ஆனால் அப்பொழுது இரண்டும் கூடி அலுமினியம் கார்பைடு என்ற வேறு பொருளாகும். அது ஈரம் பட்டால் சிதைந்து, சாணவாயுவில் இருக்கிற மீத்தேன் என்ற வாயுவை விட்டுக் கொண்டே சாமானை உள்ளுக்குள் அரித்துவிடும். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். 1960-க்குப் பிறகு அமெரிக்காவில் நிக்கல் கம்பெனி ஆராய்ச்சிச் சாலையில் வேலை செய்த இந்தியரான ரோகத்கியும் அவரது சகாவும், கரித்தூளுக்கு நிக்கல் பூசி உருகிய அலுமினியத்தில் செலுத்தி இந்தச் சங்கடத்தை ஒருவாறு தீர்த்தார்கள். மற்றொரு வழி, உருக்காமலே செய்வது. அதுதான் உலோகத்தூள் தொழில்.

செய்யும் விதம்

உருக்காமல் உலோகத்தை எப்படி ஒட்ட வைப்பது என்று மலைக்காதீர்கள். உங்கள் ஊர்ச் சூளையில் செங்கல் எப்படி ஆகிறது? மண்ணைப் பிசைந்து, அச்சிலே அடித்து, பச்சைக்கல்லாக எடுத்து, சூளையில் வைத்துச் சுடுகிறீர்கள். மண் ஒன்றாய் உருகி ஓடிவிடுகிறதா? இல்லை. துகளோடு துகள் பற்றிக்கொண்டு கல்லாகிறது. இங்கே மண்ணுக்குப் பதில் உலோகத்தூள். அவ்வளவுதான்.

முதலாவது, தூள் செய்தல். உருகிய அலுமினியத்தைச் சிறு துவாரத்தின் வழியாக ஒழுகவிட்டு, வாயுவை வேகமாகப் பீச்சியடித்தால் அது சிதறித் தூளாய் விழும். பன்னீர்ச் செம்பில் தண்ணீர் துளியாகிறது போல.

இரண்டாவது, கலத்தல். அலுமினியத் தூளோடு செம்பு, மக்னீசியம் ஆகியவைகளின் தூளைக் கொஞ்சமும், கிராபைட்டை நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரையிலும், அச்சில் ஒட்டாதிருக்க மெழுகுத்தூளை ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கும் சேர்த்துப் பீப்பாயில் உருட்டுவார்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். குறைவாக உருட்டினால் கரி ஓரிடத்தில் திரண்டுவிடும், அந்த இடத்தில் சாமான் பிளக்கும். இரும்புக் குண்டுகளைப் போட்டு அளவுக்கு மிஞ்சி உருட்டினால் கிராபைட்டின் ஏடுகள் நொறுங்கிப் போகும். ஏடு போனால் வழுக்கும் குணமும் போகும்.

மூன்றாவது, அழுத்துதல். எஃகு அச்சில் தூளைக் கொட்டி, மேலும் கீழும் அழுத்துவார்கள். ஒரு சதுர செண்டிமீட்டர் இடத்துக்கு 2 முதல் 4 டன் வரை பாரம். அலுமினியம் மெதுவானது என்பதால் நன்றாய் இறுகும். வெளியே எடுத்தால் கையில் பிடிக்கலாம். ஆனால் கீழே போட்டால் பச்சைக்கல்லைப் போலவே உடையும்.

நான்காவது, சுடுதல். இதற்கு சின்டரிங் என்று பெயர். முதலில் சுமார் 400 டிகிரியில் மெழுகு போகும். பிறகு 590 முதல் 620 டிகிரிக்குள், அரைமணி அளவு. உருகும் சூட்டுக்குக் கீழேயே நிறுத்திவிடுவதால் கார்பைடு தொல்லை மிகச் சொற்பம். கலந்திருக்கிற செம்பு 548 டிகிரியிலேயே அலுமினியத்தோடு கூடிக் கொஞ்சம் திரவமாகித் துகள்களின் இடுக்கில் ஊறும். அது ஆறும்போது பற்றாசு வைத்தது போலப் பிடித்துக் கொள்ளும்.

இதிலே ஒரு விரோதி உண்டு. ஒவ்வொரு அலுமினியத் துகளின்மேலும், காற்றுப் பட்ட மாத்திரத்தில் ஒரு தோல் உண்டாகிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதிலே சில பங்கு கனம்தான் அந்தத் தோல். ஆனால் அது உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். அதுதான் நமது சட்டியைத் துருவேறாமல் காப்பாற்றுகிறது. இங்கேயோ அதுவே துகளைத் துகளோடு சேரவிடாமல் தடுக்கிறது. அழுத்தும்போது தோல் கிழிகிறது. மீதியை மக்னீசியம் தின்று கிழிக்கிறது. மேலும் புதுத் தோல் வளராமலிருக்க, ஈரமில்லாத நைட்ரஜன் வாயுவில் வைத்துச் சுடுகிறார்கள். ஒரு நாள் நைட்ரஜனில் ஈரம் சேர்ந்துவிட்டால் அன்றைக்குச் சுட்டதெல்லாம் பாழ். நல்ல நேரம் பார்த்து உலை மூட்டியிருந்தாலும் பாழ்தான். ராகுகாலத்தில் மூட்டி ஈரத்தைச் சரியாய்ப் பார்த்திருந்தால் சாமான் தேறிவிடும்.

உண்மையைச் சொல்ல வேண்டும்

இந்தப் பொருளைக் கிராபைட்டால் பலப்படுத்திய அலுமினியம் என்று பெயரிட்டு விற்கிறார்கள். நாம் மதக்காரர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லிவிட்டு விஞ்ஞானத்தின் பெயரால் அதே காரியத்தைச் செய்யக்கூடாது. ஆகையால் சொல்லுகிறோம்: மெதுவான கரித்தூளைச் சேர்த்தால் அலுமினியத்தின் பலமும் கெட்டித்தன்மையும் பெரும்பாலும் குறையத்தான் செய்யும். கூடுவது வழுக்கும் குணம், தேயாத குணம். அதுவும் ஓரளவு வரையில்தான். கரியை அளவுக்கு மேல் சேர்த்தால் சாமான் உதிர ஆரம்பித்துத் தேய்மானமே அதிகமாகும். பலமும் வேண்டுமானால் சிலிகான் கார்பைடு போன்ற கடினமான தூளையும் கூடச் சேர்க்க வேண்டும்.

கிராபைட்டின் வழுக்கலுக்குக்கூட நிபந்தனை உண்டு. இரண்டாவது உலக யுத்த காலத்தில் விமானங்கள் மிக உயரத்தில் பறந்தபோது, அவைகளின் மின்சார யந்திரத்திலிருந்த கரித்துண்டுகள் சில மணி நேரத்தில் பொடிப்பொடியாய்த் தேய்ந்தன. காரணம் தேடினார்கள். மேலே காற்றில் ஈரமில்லை. ஏடுகளின்மேல் சிறிது ஈரம் படிந்திருந்தால்தான் கிராபைட் நன்றாய் வழுக்கும் என்று தெரிந்தது. அந்தரத்தில் தேவர்கள் கோபித்தார்கள் என்று பரிகாரம் செய்யவில்லை. கரியைத் திருத்தினார்கள். இன்ன நிலைமையில் இன்னது நடக்கும், நிலைமை மாறினால் நடக்காது என்று தன் குறையையும் சேர்த்துச் சொல்லுவதுதான் அறிவு. எங்கும் எப்பொழுதும் எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்லப்படுவது எதுவோ, அதைத்தான் நீங்கள் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாம் அன்றே நமக்குத் தெரியுமாம்!

இவ்வளவும் சொன்னால் உடனே ஒரு சாஸ்திரி எழுந்து, இதெல்லாம் நமது முன்னோர்களுக்கு எப்பொழுதோ தெரியும், டில்லி இரும்புத்தூண் சாட்சி என்பார். அந்தத் தூணைப் பற்றியே பேசுவோம். 7 மீட்டருக்கு மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை, சுமார் 1600 வருஷத்துக்கு முந்தியது. இரும்பை உருக்கி வார்க்காமல், கட்டி கட்டியாக எடுத்துக் காய்ச்சி அடித்து ஒட்டியே செய்தது. இன்றைய உலோகத்தூள் தொழிலுக்கு அதை ஒரு தூரத்துப் பாட்டன் என்று வேண்டுமானால் சொல்லலாம். நமக்கு அதிலே பெருமைதான். ஆனால் யாரைப் பற்றிப் பெருமை? அந்தத் தூணில் சந்திரன் என்ற ராஜாவின் பெயர் வெட்டியிருக்கிறது. விஷ்ணுவின் பெயர் வெட்டியிருக்கிறது. உலைக்களத்தில் வெந்த கொல்லனின் பெயர் இருக்கிறதா? இல்லை. அது துருப்பிடிக்காமலிருப்பதற்குக் காரணம் இரும்பில் கலந்திருக்கிற பாஸ்பரஸ் என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து காட்டினார். நம்மவர்களோ அந்தக் காரணத்தைத் தேடாமல், முதுகைத் தூணில் சாய்த்துக் கைகளைப் பின்னால் கோத்துக் கட்டிப் பிடித்தால் அதிர்ஷ்டம் வரும் என்று தேய்த்தார்கள். தேய்த்துத் தேய்த்து, கடைசியில் 1997-ல் சுற்றிலும் வேலி போட வேண்டியதாயிற்று. கொல்லனுடைய அறிவை மறந்துவிட்டு அவன் செய்த தூணைக் கட்டிப் பிடித்து என்ன லாபம்?

பழைய அறிவு ஏன் வளரவில்லை என்றால், செய்தவன் கையில் எழுத்தில்லை, எழுத்துள்ளவன் கை கரியைத் தொடவில்லை. அப்பன் தொழிலையே மகன் செய்ய வேண்டும் என்று 1953-ல்கூடப் பள்ளிக்கூடத்தில் அரை நேரப் படிப்புத் திட்டம் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு வலுத்து 1954-ல் அது ஒழிந்தது. ஒழியாதிருந்தால், சூளை போடுகிறவன் மகன் சூளையோடு நின்றிருப்பான். அவனுக்குச் சின்டரிங் என்ற பேச்சு காதிலேயே விழுந்திராது.

மற்றொரு கூட்டம் ரசவாதக் கூட்டம். செம்பைப் பொன்னாக்குகிறேன் என்று ஏமாற்றிய காலம் போய், இப்பொழுது கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், கோடி ரூபாய் பெறும் என்று ஏமாற்றுகிற காலம் வந்திருக்கிறது. இரிடியம் என்பது பிளாட்டினத்தோடு கிடைக்கும் ஓர் உலோகம். வைரத்தை எரித்த அதே டென்னன்ட்தான் 1803-ல் அதையும் கண்டார். அது அரிசியை இழுக்காது. இடி விழுந்தால் உண்டாகாது. டென்னன்ட்டின் கூட்டாளி வோலாஸ்டன் என்பவர், அன்றைய உலைகளில் உருகாத பிளாட்டினத்தைத் தூளாக்கி, அழுத்தி, சூடேற்றி அடித்துத் தகடாக்கும் விதத்தை 1828-ல் வெளியிட்டார். இன்றைய உலோகத்தூள் தொழிலுக்கு அதுவே ஆரம்பம். அவர்கள் கண்ட உலோகத்தின் பெயர் மட்டும் நம் ஊருக்கு வந்து, நகையை அடகு வைத்து ஏமாறுவதற்குப் பயன்படுகிறதே, இதைவிட வெட்கம் வேறென்ன?

தூளின் ஆபத்து

இனி ஆயுத பூஜைச் சங்கதிக்கு வருவோம்.

அலுமினியச் சட்டி அடுப்பில் எரியுமா? எரியாது. தூள் எரியும். ஏன்? ஒரு செண்டிமீட்டர் நீளம், அகலம், உயரமுள்ள ஒரு கட்டிக்கு ஆறு முகம், 6 சதுர செண்டிமீட்டர் மேற்பரப்பு. அதையே ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துணுக்குகளாக நறுக்கினால் 100 கோடித் துணுக்குகள். மேற்பரப்பு 6000 சதுர செண்டிமீட்டர். பொருள் அதே எடைதான். காற்றைத் தொடுகிற இடம் மட்டும் ஆயிரம் மடங்கு. எரியும்போது நல்ல நிலக்கரியை ஒத்த சூட்டைக் கொடுக்கும். அந்தச் சூடு கண்ணை மூடித் திறப்பதற்குள் வந்தால் அதன் பெயர்தான் வெடிப்பு. ஒரு கன மீட்டர் காற்றில் 30 முதல் 50 கிராம் தூள் பறந்தால் போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள ஓர் அறைக்கு 2, 3 கிலோ தூள் போதும்.

சீனாவில் குன்ஷான் என்ற ஊரில் 2014 ஆகஸ்டு 2-ந் தேதி, மோட்டார்ச் சக்கரங்களை மெருகிடும் தொழிற்சாலையில் அலுமினியத் தூசு வெடித்தது. அன்றைக்கே 75 பேர், பின்னால் காயத்தால் இறந்தவர்களையும் சேர்த்து 146 பேர். காரணம் விசாரித்தார்கள். தூசு பிடிக்கும் தொட்டியைச் சுத்தம் செய்யவில்லை, ஈரம் பட்டுத் தூசு சூடேறியது என்று கண்டார்கள். நமது சிவகாசிப் பட்டாசுக்குப் பளிச்சென்ற வெளிச்சத்தைக் கொடுப்பதும் இதே அலுமினியத் தூள்தான். 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் ஏறக்குறைய 40 பேர் மாண்டார்கள். ஒவ்வொரு வெடிப்புக்கும் பிறகு, அவர்கள் விதி முடிந்தது என்று ஒரு பேச்சு கிளம்புகிறது. விதி முடிந்தது என்று சொன்னவுடன் விசாரணையும் முடிந்துவிடுகிறது. விதியினால் அதிக லாபமடைகிறவர் தூசைக் கூட்டாத முதலாளியே.

இப்பொழுது அந்தப் பட்டறை. அங்கே நாம் சொன்ன புஷ்கள் செய்கிறார்கள். தூள் கலக்கும் அறை ஒன்று. வருஷம் முழுவதும் உத்தரத்திலும் சட்டத்திலும் ஜன்னல் மேலும் தூசு படிகிறது. யாரும் தட்டுவதில்லை. ஆயுத பூஜை வந்தால் மட்டும் பட்டறையைச் சுத்தம் செய்கிறார்கள். எப்படி? துடைப்பத்தால் உத்தரத்தைத் தட்டி, காற்றுக் குழாயால் ஊதி. ஒரு வருஷத்துத் தூசும் ஒரே பொழுதில் அறை முழுவதும் பறக்கிறது. பறந்து முடிவதற்குள் பொட்டு வைத்து, மாலை போட்டு, தட்டிலே கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு உள்ளே வருகிறார்கள்! எந்த நாளில் தூசு அதிகமாய்ப் பறக்கிறதோ, அந்த நாளிலேயே தீயையும் கொண்டுவருகிறார்கள்.

அங்கே வேலை செய்யும் ஒரு வாலிபத் தோழர் அறை வாசலில் நின்றுகொண்டு, "முதலாளி, தட்டை வாசலோட நிறுத்திக்குங்க, உள்ள தூள் பறக்குதுங்க" என்றார். முதலாளி, "வருஷா வருஷம் காட்டுறோம், ஒரு நாளாச்சும் வெடிச்சுதா? சாமிக்குக் காட்டுற தீ சுடுமாடா?" என்றார். வாலிபர் நகரவில்லை. "சாமிக்குக் காட்டுறதானாலும் அது தீதானுங்களே" என்றார். கடைசியில் தட்டு வாசலோடு நின்றது. மறுநாள் வாலிபருக்குப் பதினைந்து நாள் வேலையில்லை, கூலியுமில்லை. காரணம், நாஸ்திகன் என்பதாம். அவர் இந்தக் கூட்டத்திலே நம்மோடு உட்கார்ந்திருக்கிறார். (கைதட்டல்)

தோழர்களே, அவர் கடவுள் இல்லை என்று அங்கே பிரசங்கம் செய்யவில்லை. உள்ளே ஏழு பேர் இருந்தார்கள். முதலாளியும் அவர்களில் ஒருவர். அவர் காப்பாற்றப் பார்த்தது முதலாளியையும் சேர்த்துத்தான். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 37-வது பிரிவிலேயே, வெடிக்கக்கூடிய தூசு உண்டாகும் இடத்தில் தூசைச் சேரவிடக்கூடாது, தீப்பற்றக்கூடிய காரணங்களையெல்லாம் விலக்க வேண்டும் என்று எழுதப்பட்டது. சாமித் தீ நீங்கலாக என்று அதிலே எழுதப்படவில்லை.

சீட்டில் வந்த கேள்வி

ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். "இவ்வளவு படித்த விஞ்ஞானிகளும் இன்ஜினியர்களும் ஆயுத பூஜை செய்கிறார்களே, அவர்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். அதற்கு நமது பதில்: அவர்கள் பூஜை செய்கிறார்கள், வாஸ்தவம். ஆனால் பூஜை செய்துவிட்டோம் என்று நைட்ரஜனில் ஈரம் பார்க்காமல் உலையை மூட்டுகிறார்களா? அழுத்தத்தை அளக்காமல் விடுகிறார்களா? இல்லை. சாமான் விஷயத்தில் கருவியை நம்புகிறார்கள். அவர்கள் நம்பிக்கையை அவர்களே எந்த இடத்தில் உபயோகப்படுத்துவதில்லை என்று பாருங்கள், உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும். சாமான் கெடக்கூடாது என்பதற்கு இருக்கிற கவனம் ஆள் சாகக்கூடாது என்பதற்கும் இருக்க வேண்டும் என்பதுதான் நமது வாதம்.

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே, உங்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இவைகள்தான். தூள் சம்பந்தமான பட்டறையில் இருக்கிறவர்கள், தூசை வருஷத்துக்கொரு நாளன்றி வாரா வாரம், மெதுவான தூரிகையால், பறக்காமல் வழித்தெடுக்கும்படி கேளுங்கள். காற்றுக் குழாயால் ஊதவிடாதீர்கள். கலக்கும் அறைக்குள் கற்பூரம், ஊதுவத்தி, சாம்பிராணி, பீடி எதுவும் வரக்கூடாது என்று வாசலில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பீப்பாய்களுக்குப் பூமியோடு இணைப்புக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். எரிகிற அலுமினியத் தூளின்மேல் தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். ஊற்றினால் ஹைட்ரஜன் கிளம்பி இன்னும் கோரமாக எரியும். உலர்ந்த மணலை ஒரு தொட்டியில் தயாராக வைத்திருங்கள். மணலையும் வீசியடிக்காமல் ஓரத்திலிருந்து மெதுவாகப் போட்டு மூடவேண்டும்.

கிராமத்துத் தோழர்களுக்கும் தாய்மார்களுக்கும் ஒன்று. உங்கள் பிள்ளைகள் நாளைக்கு இம்மாதிரிப் பட்டறைகளுக்குத்தான் வேலைக்குப் போகப் போகிறார்கள். போகிற பிள்ளைக்குக் கையிலே கயிறு கட்டி அனுப்புவதைவிட, "எதைத் தொட்டாலும் அது என்னவென்று கேட்டுத் தெரிந்து தொடு" என்று சொல்லி அனுப்புங்கள்.

அந்த வாலிபத் தோழரின் பதினைந்து நாள் கூலிக்காக, இக்கூட்டம் முடிந்ததும் அந்தப் பட்டறைத் தொழிலாளர்கள் அவ்வளவு பேரும் கையெழுத்திட்டு ஒரு மகஜர் கொடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கையெழுத்திடுகிறவர்களில் நெற்றி நிறையத் திருநீறு பூசியவர்களும் இருக்கிறார்கள். அதுதான் நமக்கு மிகவும் சந்தோஷம். கற்பூரம் வாசலோடு நிற்க வேண்டும் என்பதை அவர்கள் நம்மிடமிருந்து கேட்டு நம்பவில்லை, தூளைப் பற்றித் தெரிந்துகொண்டு ஒப்புக்கொண்டார்கள்.

நாம் சொன்னவைகளையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். யோசித்துப் பாருங்கள், விசாரித்துப் பாருங்கள், சரியென்று பட்டால் செய்யுங்கள்.